தாடை எலும்பு நீர்க்கட்டி: பல் செலவா, அறுவை சிகிச்சைச் செலவா?

தாடை நீர்க்கட்டிக்கு கிளெய்ம் போடுபவர்கள் பலரும் பாலிசியில் முட்டிக்கொள்ளும் இடம் 'பல் சிகிச்சைக்கு விலக்கு' என்ற வரி. கட்டி பல் உருவாகும் திசுவிலிருந்து வந்ததுதான், ஆனால் கத்தி படுவது எலும்பில். இதை எடுத்துச் சொல்ல உங்களிடம் இருக்கும் நல்ல ஆதாரம் பயாப்சி ரிப்போர்ட், அதாவது எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்துத் தரும் அறிக்கை.

ஏனென்றால் எக்ஸ்ரேயில் இந்தக் கட்டிகள் பெரும்பாலும் ஒரே மாதிரி கறுப்பாகத்தான் தெரியும். செத்த பல்லின் வேர்நுனியில் வரும் சாதாரண கட்டிக்கு ஐசிடி-10 (நோய்களுக்கான சர்வதேசக் குறியீட்டுப் பட்டியல்) குறியீடு கே04.8. பல் உருவாகும் திசுவிலிருந்து வளரும், திரும்பத் திரும்ப வரக்கூடிய கெரட்டோசிஸ்ட் போன்ற கட்டிகளுக்கு கே09.0. டிஸ்சார்ஜ் சம்மரியில் எது எழுதப்பட்டிருக்கிறது என்று வாங்கும்போதே பாருங்கள்.

கெரட்டோசிஸ்ட்டில் இன்னொரு சிக்கல். உலக சுகாதார நிறுவனம் 2005-ல் அதை 'டியூமர்' (புற்று போன்ற வளர்ச்சிகளைக் குறிக்கும் பொதுச்சொல்) என்று பெயர் மாற்றியது, 2017-ல் திரும்பவும் நீர்க்கட்டி ஆக்கிவிட்டது. ஆகவே பழைய ரிப்போர்ட்டில் ஒரு பெயர், புதியதில் வேறு பெயர் இருக்கலாம். இரண்டும் ஒரே நோய்தான் என்று மருத்துவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் பாதித் தலைவலி போகும்.

சரி, சிகிச்சை? கெரட்டோசிஸ்ட்டின் உறை மெல்லியது, சுற்றிலும் குட்டிக் கட்டிகளை விட்டுவைக்கும். வெறுமனே சுரண்டி எடுத்தால் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். அதனால் எலும்பின் ஓரத்தைக் கொஞ்சம் தேய்த்தெடுப்பார்கள், அல்லது மிச்ச செல்களை அழிக்க கார்னாய் கரைசல் என்ற ரசாயனமோ, உறைய வைக்கும் திரவ நைட்ரஜனோ பயன்படுத்துவார்கள். கட்டி பெரிதென்றால் முதலில் துளை போட்டு ஒரு சின்னக் குழாய் வைப்பதும் உண்டு. நோயாளியே தினமும் சிரிஞ்சால் உப்புநீர் விட்டு அலச வேண்டும். எரிச்சலான வேலைதான். மாதக்கணக்கில் கட்டி சுருங்கும், அப்புறம் மிச்சத்தை எடுப்பார்கள்.

இப்படி இரண்டு கட்டமாக நடக்கும் என்பதை முதல் கிளெய்ம் விண்ணப்பத்திலேயே மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டாவது அறுவையில் கேள்வி வரும். உள்நோயாளிக்கு மட்டுமே பணம் என்ற நிபந்தனை இருந்தால், மருத்துவமனையில் சேராமல் குழாய் வைத்த கட்டத்துக்குப் பணம் கிடைக்காமல் போகலாம்.

பத்து வருடம் கழித்தும் திரும்ப வந்ததுண்டு, எனவே தொடர் எக்ஸ்ரேக்களை விடாதீர்கள். இளம் வயதில் ஒன்றுக்கு மேற்பட்ட கெரட்டோசிஸ்ட் வந்தால், பிடிசிஎச்1 மரபணுவோடு தொடர்புள்ள கோர்லின் நோய்க்குறி என்ற பரம்பரை நோயா என்று பார்க்க வேண்டும். பாலிசி மாற்றினால் பழைய அறுவையை மறைக்காமல் சொல்லுங்கள், பயாப்சி எண்ணையும் குறித்து வையுங்கள். வேறு மருத்துவர் திசு வைத்த கண்ணாடிச் சிலைடைத் திரும்பப் பார்க்க வேண்டுமென்றால் அந்த எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள்.