குளிர் அறை வந்தது, சரக்குதான் வரவில்லை

மறுபடியும் அதே கதை. சோலார் பேனல், பேட்டரி, போனுக்குச் செய்தி அனுப்பும் வெப்பநிலை சென்சார் என எல்லாம் உள்ள, விவசாயிகளின் காய்கறி பழங்களைக் கெடாமல் வைக்கும் குளிர் அறை, உள்ளே காலிப் பெட்டிகள். சென்சார் திரையில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரிக்கவில்லை. அலாரம் எந்த நம்பருக்குப் போகிறது என்று பார்த்தால், பொருத்திவிட்டுப் போன டெக்னீஷியனுடையது. அவர் வேலையை விட்டே போய்விட்டாராம். இந்த அறைகளை வடிவமைப்பதும் சரிபார்ப்பதும்தான் என் தொழில் என்பதால் இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

ஏன் ஓடவில்லை என்று கேட்டால் ஒரே பதில்: "விவசாயிகளுக்கு விழிப்புணர்வு இல்லை." தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். சரக்கு வருவது சாயங்காலம், சாவிக்காரர் அதற்கு முன்பே பூட்டிவிட்டுப் போகிறார். வாடகை மாதக் கணக்கில், இரண்டு பெட்டி வைக்க வருகிறவர் எப்படிக் கட்டுவார்? உள்ளே வைத்தது கெட்டால் யார் பொறுப்பு என்று எங்கும் எழுதவில்லை. தரம் பிரிக்கும் பெண்களை ஒரு வார்த்தை கேட்காமல், அவர்களுக்கு எட்டாத உயரத்தில் அலமாரி. இதையெல்லாம் பார்த்துக் கணக்குப் போட்டுத்தான் வேண்டாம் என்கிறார்கள். இதில் அறியாமை எங்கே இருக்கிறது?

பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2009-இல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரோமும் அவருடைய குழுவும் நேபாளத்துப் பாசன வாய்க்கால்களை ஆராய்ந்தார்கள். விவசாயிகளே மண்ணும் கல்லும் போட்டு நடத்திய பல இடங்களில் கடைமடைக்கும் தண்ணீர் போனது. வாய்க்காலுக்குத் தண்ணீரைத் திருப்பும் கான்கிரீட் தலைமதகு வந்த சில இடங்களில் அது குறைந்தது. ஆண்டுதோறும் மராமத்துக்குக் கடைமடைக்காரர்களின் உழைப்பு தேவைப்பட்டவரை தலைமடைக்காரர்கள் அவர்களை மதித்தார்கள், கான்கிரீட் வந்ததும் அந்தத் தேவை போய்விட்டது. கட்டியவர்கள் மதகைத்தான் பார்த்தார்கள், ஆட்களுக்குள் இருந்த ஏற்பாட்டைப் பார்க்கவில்லை.

அதற்காக, அறையைப் பயன்படுத்துகிறவர்களின் குழு மட்டும் போதும் என்றும் இல்லை. எவ்வளவு ஒற்றுமையான குழுவாக இருந்தாலும், பழுக்கும் பழங்களோடு கீரையை வைத்தால், அவை வெளிவிடும் எத்திலீன் வாயு பட்டுக் கீரை மஞ்சளாகும். கீரைக்கு 0 டிகிரியை ஒட்டிய குளிர் வேண்டும், வாழைக்காயோ 13 டிகிரிக்குக் கீழே போனால் கறுத்துவிடும். ஆக, ஒரே ஓர் அறை இருந்தால் அது யாருடைய சரக்குக்கு என்பதை அந்தக் குழுதான் பேசி முடிக்க வேண்டும், குளிரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் முடிக்காது. நைஜீரியாவில் சோலார் குளிர் அறைகளை நடத்தும் கோல்டுஹப்ஸ் நிறுவனம் அறையை யார் தலையிலும் கட்டவில்லை, ஒரு பெட்டிக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தது. அந்த ஏற்பாடும் கண்டுபிடிப்புதான்.

உலகில் விளையும் உணவில் சுமார் 13 சதவீதம் அறுவடைக்குப் பின், கடைக்குப் போகும் முன்பே வீணாகிறது என்கிறது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு. அதைக் குறைக்க வந்த கருவியே பூட்டிக் கிடக்கலாமா?

வாங்கும் முன் உட்கார்ந்து பேசுங்கள். சாவி இரண்டு பேரிடம், அதில் ஒருவர் தரம் பிரிக்கும் பெண்ணாக இருக்கட்டும். அலாரம் பயன்படுத்துகிறவர்களின் போனுக்கே போகட்டும். வரைபடத்தைக் கையெழுத்துக்கு நீட்டாதீர்கள், தரையில் சாக்பீஸால் அறையின் அளவைக் கோடு போட்டு, பெட்டியோடு நடந்து பார்க்கச் சொல்லுங்கள். உத்தரவாதக் காலம் முடியும்வரை காத்திருக்காமல் முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு பெட்டிக் கட்டணத்திலும் கொஞ்சம் பழுதுக்கு ஒதுக்குங்கள். அப்புறம், நிதி கொடுப்பவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள்: மொத்தத்தையும் இயந்திரத்திலேயே போட்டுவிடாதீர்கள், கணக்கு எழுதி அறையைத் திறந்து மூடும் ஒருவருக்கு இரண்டு அறுவடைக் காலச் சம்பளத்தையாவது அதில் சேர்த்துக் கொடுங்கள்.