நுரைக் காப்பு: அழுத்த வலிமை என்ற ஒற்றை எண் போதாது

வெப்பக் காப்பு நுரையைத் தேர்ந்தெடுப்பவர்களில் பலர் விவரத்தாளில் ஒரே ஓர் எண்ணைத்தான் தேடுகிறார்கள்: அழுத்த வலிமை எத்தனை மெகாபாஸ்கல்? பொருள்களைச் சோதிப்பது என் அன்றாட வேலை. அந்த எண்ணை மட்டும் நம்பி ஒட்டிய காப்பு விரிசல் விட்ட பிறகே பலர் எங்களைத் தேடி வருகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கண்ணாடி இழை சேர்த்த பாலியூரிதேன் நுரைப் பலகை ஒன்றிலிருந்து இரண்டு கனசதுரங்களை அறுத்து, ஒன்றை நுரை பொங்கிய திசையிலும் மற்றதை அதற்குக் குறுக்காகவும் அழுத்திப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு தாங்காது. பொங்கும்போது நுரையின் குமிழிகளான நுண்ணறைகள் அந்தத் திசையில் நீண்டுவிடுகின்றன. இழைகளோ பெரும்பாலும் பலகையின் தளத்தில் படுத்துக் கிடக்கின்றன. எந்தத் திசையில் அளந்தது என்று சொல்லாத எண்ணை நான் கணக்கில் எடுப்பதில்லை.

விறைப்பான நுரைகளை அழுத்திச் சோதிப்பதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 844 முறையில், தெளிவான உச்சம் காட்டாத நுரைக்கு 10 சதவீதம் அமுங்கியபோதுள்ள அழுத்தத்தையே குறிக்கிறார்கள். அதற்குள் நுண்ணறைச் சுவர்கள் மடங்கத் தொடங்கியிருக்கும். ஆண்டுக்கணக்கில் சுமை தாங்க வேண்டிய நுரையை அந்த எல்லைக்கு அருகே கூடக் கொண்டுபோகக் கூடாது; குறைந்த சுமையிலும் அது மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டே போகும். வெப்பம் ஏறினால் இன்னும் வேகமாக.

குளிரில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். இத்தகைய காப்பு ஒட்டிய தொட்டிகளில் திரவ இயற்கை எரிவாயு ஏறத்தாழ மைனஸ் 162 டிகிரி செல்சியஸில் இருக்கும். அந்தக் குளிரில் நுரையின் அழுத்த வலிமை கூடும், ஆகவே கவலையில்லை என்பார்கள். கூடுவது உண்மைதான். ஆனால் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் குளிர்வித்த துண்டை அழுத்தும்போது கேளுங்கள்: அறை வெப்பத்தில் ஓசையின்றி மடங்கிய அதே நுரை, இப்போது படபடவென்று நொறுங்கும். வலிமையோடு நொறுங்கும் தன்மையும் கூடிவிட்டது.

மேலும், குளிரில் ஆபத்து அழுத்தத்தால் வருவதைவிட இழுவையால் வருவதே அதிகம். நுரை, தொட்டிச் சுவரின் எஃகைவிடப் பல மடங்கு சுருங்கும். எஃகோடு ஒட்டியிருப்பதால் அதற்கு வழியில்லை. உள்ளுக்குள்ளேயே இழுபட்டுப் பிளக்கும். இழை சேர்ப்பதே அந்தச் சுருக்கத்தைக் குறைக்கவும் விரிசல் ஓடாமல் பிடித்து நிறுத்தவும்தான். நிலவுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் மூன்றாம் கட்டத்தில், மைனஸ் 253 டிகிரி திரவ ஹைட்ரஜன் தொட்டியின் உட்புறம் ஒட்டிய நுரையில் மூன்று திசைகளிலும் கண்ணாடி இழைகளைக் கோத்தார்கள்.

ஒருமுறை குளிர்ந்து தாங்கியதும் போதாது. குளிர்வித்து, அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, மீண்டும் குளிர்வித்துப் பார்க்க வேண்டும். எஃகுத் தகட்டில் ஒட்டி அப்படிப் பலமுறை செய்த துண்டைச் சாயநீரில் ஊறவைத்து, பிறகு நடுவே அறுப்பேன். நுண்ணறைகள் உடையாமல் இருந்தால் சாயம் மேற்பரப்போடு நின்றிருக்கும். விரிசல் விட்டிருந்தால், எஃகோடு ஒட்டிய விளிம்பிலிருந்து மெல்லிய கோடாக உள்ளே இறங்கியிருக்கும்.