நாபாவுக்குப் பெட்டி கட்டுவதற்கு முன்

திங்கட்கிழமை காலை கிளினிக்குக்கு வந்த ஒரு பெண்ணின் முதுகைப் பார்த்ததுமே, வார இறுதியில் அவர் என்ன உடுத்தியிருந்தார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தோளிலிருந்து நடுமுதுகு வரை கருஞ்சிவப்பாகக் கன்றியிருந்தது. அதன் குறுக்கே பெருக்கல் குறி போட்டதுபோல் இரண்டு மெல்லிய கோடுகள் மட்டும் பழைய நிறத்தில் இருந்தன. பின்பக்கம் பட்டைகள் குறுக்காக ஓடும் கவுன். கலிஃபோர்னியாவின் ஒயின் பள்ளத்தாக்கான நாபாவில் கல்யாண நாள் கொண்டாட்டம், மூன்று திராட்சைத் தோட்டங்கள், வெட்டவெளியில் மதியச் சாப்பாடு. "வெயிலே தெரியல டாக்டர், காத்து சில்லுன்னு இருந்துச்சு. நம்ம நிறத்துக்கு வெயில் ஒண்ணும் செய்யாதுன்னு நினைச்சேன்" என்றார்.

வட கலிஃபோர்னியாவில் தோல் மருத்துவராக இருக்கிறேன். மே முதல் அக்டோபர் வரை இதே பேச்சு அடிக்கடி என் காதில் விழும். நாபாவுக்கும் பக்கத்து ஒயின் பகுதியான சோனோமாவுக்கும் போகிறவர்கள் என்ன உடுத்துவது என்று வாரக்கணக்கில் யோசிக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும். மலைச்சரிவு முழுக்கத் திராட்சைக் கொடி நிற்கிற இடத்தில் நன்றாக உடுத்திக்கொண்டு நிற்பதே ஒரு சந்தோஷம். அந்த யோசனையில் தோலுக்கும் காலுக்கும் கொஞ்சம் இடம் கொடுத்தால் போதும், திங்கட்கிழமை என்னைப் பார்க்க வரவேண்டியிருக்காது.

முதலில் நாபா பள்ளத்தாக்கின் வானிலை. தெற்கே நாபா ஊரிலிருந்து வடக்கே காலிஸ்டோகா வரை ஏறக்குறைய 30 மைல் நீளம். தெற்கு முனையில் சான் பாப்லோ விரிகுடா இருக்கிறது. கோடையில் இரவோடு இரவாக அங்கிருந்து மூடுபனி உள்ளே ஏறி வந்து, காலையில் பள்ளத்தாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்கும். காலை எட்டு மணிக்கு 55 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 13 டிகிரி செல்சியஸ். மதியத்துக்கு மேல் அதே இடம், குறிப்பாக வடக்குப் பக்கம், 90 ஃபாரன்ஹீட்டைத் தொடுவது கோடையில் சாதாரணம். திராட்சைக்கு இந்த ஏற்ற இறக்கம்தான் வேண்டும்: பகல் சூட்டில் பழம் இனிக்கும், இரவுக் குளிரில் புளிப்பு தங்கும்.

தோல் வேகுவதும் இந்த ஏற்ற இறக்கத்தால்தான். காலையில் குளிருகிறது என்று மேலே ஜாக்கெட் போட்டுக்கொள்கிறோம். சன்ஸ்கிரீன் வெளியே தெரிகிற முகத்துக்கும் கைக்கும் மட்டும் போகிறது. பதினொரு மணி வாக்கில் பனி விலகுகிறது, ஜாக்கெட் நாற்காலிக்குப் போகிறது. அதற்கு அடியில் இருந்த தோளிலும் முதுகிலும் ஒரு சொட்டு சன்ஸ்கிரீன் கிடையாது. காற்று குளிர்ச்சியாக இருப்பதால் சுடுவதும் தெரிவதில்லை. தோலைச் சுடுவது புற ஊதாக் கதிர், காற்றின் சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான்: உடை மாட்டுவதற்கு முன்பே, அறையில் நிற்கும்போதே, தோள், முதுகு, கழுத்தின் பின்புறம், காதுமடல், பாதத்தின் மேற்புறம் எல்லாவற்றுக்கும் பூசிவிடுங்கள். சன்ஸ்கிரீனின் காப்பு அளவான எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். முதுகுக்குக் கை எட்டாது, கூட வந்தவரிடம் கேளுங்கள்.

மாநிறத் தோலுக்கு அதன் நிறமியான மெலனின் ஓரளவு காப்பு தருகிறது, உண்மைதான். ஆனால் முழுக் காப்பு இல்லை. நம் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. தடவினால் சூடு, கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான் என்று விட்டுவிடுவோம். பின்னாலேயே கருமை வரும், அது மாதக்கணக்கில் போகாது. அந்தப் பெண்ணின் முதுகில் இருந்த பெருக்கல் குறி மங்குவதற்குக் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது.

சரி, துணிக்கு வருவோம். தோட்டத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் எடுத்து வைப்பது வெள்ளை லினன். படத்தில் அழகாக இருக்கும், காற்று உள்ளே போய் வரும். ஆனால் நெசவு இடைவெளியாக இருக்கிற மெல்லிய வெள்ளைத் துணி வழியாகக் கதிரும் போய் வரும். துணியின் காப்பைச் சொல்ல யூ.பி.எஃப். என்று ஓர் அளவு உண்டு. யூ.பி.எஃப். 50 என்றால் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே போகும். சாதாரண மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்டில் இந்த எண் பத்தைக்கூடத் தொடாது. நனைந்தால் இன்னும் குறையும். வீட்டிலேயே சோதிக்க எளிய வழி இருக்கிறது. துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் அந்தத் துணியை மட்டும் நம்பி வெயிலில் உட்கார வேண்டாம்.

அதற்காக லினனை விட வேண்டியதில்லை. கொஞ்சம் கனமான, நெருக்கமாக நெய்த லினனாக, ஆழ்ந்த நிறத்தில் பாருங்கள். கருநீலம், அரக்கு, ஆலிவ் பச்சை மாதிரி நிறங்கள் வெளிறிய நிறங்களைவிட அதிகக் கதிரைத் தடுக்கும். பச்சைக் கொடிகளுக்கு முன்னால் எடுப்பாகவும் இருக்கும். சிவப்பு ஒயின் சிந்தினாலும் பளிச்சென்று தெரியாது. சிந்திவிட்டால் தேய்க்காதீர்கள், ஒற்றி எடுத்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீர் விடுங்கள். தளர்வான முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை வரும் பாவாடை அல்லது காற்றோட்டமான பேன்ட் போட்டால் சன்ஸ்கிரீன் பூச வேண்டிய இடமே பாதியாகக் குறைந்துவிடும்.

தொப்பி விளிம்பு மூன்று அங்குலமாவது இருக்கட்டும். ஓட்டை ஓட்டையாகப் பின்னிய வைக்கோல் தொப்பி போட்டவர்களின் நெற்றியில் புள்ளி புள்ளியாக வெயில் பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். உள்பக்கம் துணி தைத்ததாக வாங்குங்கள்.

ஒரு சால்வை கட்டாயம். பள்ளத்தாக்கின் பழைய ஒயின் ஆலைகள் சிலவற்றில் பீப்பாய்கள் மலைக்குள் குடைந்த குகைகளில் இருக்கின்றன. பெரிஞ்சர், ஷ்ராம்ஸ்பெர்க் இரண்டிலும் உள்ள பழைய குகைகளை 19-ஆம் நூற்றாண்டில் சீனத் தொழிலாளர்கள் கையால் தோண்டினார்கள். போனால் அந்தச் சுவர்களை நின்று பாருங்கள், எவ்வளவு பேர் எவ்வளவு நாள் கொத்தியிருப்பார்கள் என்று மனம் கனக்கும். உள்ளே வருடம் முழுக்க 55 முதல் 60 ஃபாரன்ஹீட்தான். வெளியே 90-இல் வியர்த்த உடம்போடு கையில்லாத உடையில் அரைமணி நேரம் அங்கே நிற்பது எல்லோருக்கும் ஒத்துவராது. குளிர் பட்டால் விரல் வெளுத்து மரத்துப் போகிறவர்களும், உடம்பு தடித்துக்கொள்கிறவர்களும் கூடுதல் கவனமாக இருங்கள்.

அடுத்தது மாத்திரை. முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் எடுக்கிறவர்கள், ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு எடுக்கிறவர்கள், இரவில் ரெட்டினாய்டு கிரீம் பூசுகிறவர்கள் இவர்களின் தோல் வெயிலில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வேகலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுக்கிறவர்கள் வெறும் வயிற்றில் ஒயின் குடிக்கவே கூடாது. மது கல்லீரலைச் சர்க்கரை தயாரிக்க விடாது, அளவு திடீரென்று இறங்கிவிடும். அந்தத் தடுமாற்றத்தைப் பார்க்கிறவர்கள் போதை என்று நினைத்துவிடும் ஆபத்தும் உண்டு.

ஆலையில் ஒயின்களைச் சுவைத்துப் பார்க்கும் டேஸ்டிங்கில் ஊற்றுவது ஒரு வாய்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஊற்றுக்கு இரண்டு அவுன்ஸ் வைத்தால் ஐந்து ரகத்துக்குப் பத்து அவுன்ஸ். அமெரிக்கக் கணக்கில் 12 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயின் ஐந்து அவுன்ஸ் ஒரு டிரிங்க். நாபா சிவப்பு ஒயின்கள் பல 14, 15 சதவீதம். ஆக ஒரே ஆலையில் இரண்டரை டிரிங்க் வரை உள்ளே போகிறது. மூன்று ஆலைகள் போனால்? ஒரு நாளைக்கு இரண்டு ஆலைகள் போதும் என்பது என் கருத்து. மேசையில் துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். அதில் துப்புவதையோ மீதியை ஊற்றுவதையோ அங்கே யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மது சிறுநீரை அதிகமாகப் பிரிக்கும், வெயிலில் வியர்வையும் சேர்ந்தால் உடம்பு வறண்டுவிடும். ஒவ்வொரு ரகத்துக்கும் நடுவில் தண்ணீர் குடியுங்கள். கார் ஓட்டுகிறவர் குடிக்கவே வேண்டாம். சட்டப்படி ரத்தத்தில் 0.08 சதவீத ஆல்கஹால் எல்லை, ஆனால் அதற்குக் கீழேயே கை கால் நிதானம் குறையத் தொடங்கிவிடும். பாதி குடித்து மூடிய பாட்டிலை டிக்கியில் வையுங்கள், இருக்கைப் பக்கம் வைப்பது கலிஃபோர்னியாவில் குற்றம்.

வாசனைத் திரவியம் வேண்டாம். பக்கத்தில் நிற்பவர் ஒயினை முகரத்தான் வந்திருக்கிறார். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையிலான அறுவடைக் காலத்தில் குளவிகளும் அதிகம். குடிப்பதற்கு முன் கிளாஸுக்குள் ஒரு பார்வை.

காலணியில் நிறைய பேர் தவறுகிறார்கள். தோட்டத்தின் தரை ஜல்லி, புல், சரிவு, உழுத மண். ஊசி ஹீல் அதில் இறங்கும்; இரண்டு கிளாஸுக்குப் பிறகு கணுக்கால் பிசகும். தட்டையான செருப்போ அகலமான கட்டை ஹீலோ போடுங்கள், அதையும் வீட்டில் நாலு நாள் போட்டு நடந்து பழக்கிவிட்டுக் கொண்டு வாருங்கள்.

இனி நான் மிகவும் கவலைப்படுகிற விஷயம்: பாய்சன் ஓக். ஒயின் ஊர்ச் சுற்றுலாவில் இப்படி ஒரு செடி இருப்பதே பலருக்குத் தெரியாது. டேஸ்டிங்குக்கு நடுவே நேரம் இருக்கிறதே என்று போத்தி-நாபா பள்ளத்தாக்கு மாநிலப் பூங்கா மாதிரி இடங்களில் நடக்கப் போகிறார்கள், முழங்கால் வரை கவுனும் திறந்த செருப்புமாக. மூன்று மூன்று இலையாக வளரும் புதர் அது. அதன் எண்ணெய்ப் பசை தோலில் பட்டால் ஓரிரு நாள் கழித்து அரிப்பும் கொப்புளமும் வரிசை வரிசையாகக் கிளம்பும். அதற்குள் நீங்கள் ஊர் திரும்பியிருப்பீர்கள், எதனால் வந்தது என்றே புரியாது. கோடைக் கடைசியில் அதன் இலை அப்படி ஒரு சிவப்பாக மாறும். அழகாக இருக்கிறதே என்று படத்துக்காக அதைக் கையில் ஒடித்துப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு தம்பதிக்கு நான் சிகிச்சை கொடுத்திருக்கிறேன். குளிர்காலத்தில் இலை உதிர்ந்தாலும் தண்டில் பசை இருக்கும்.

நடக்கப் போவதானால் நீள பேன்ட், காலுறை, மூடிய ஷூ தனியாக எடுத்துப் போங்கள். செடி பட்டதாகச் சந்தேகம் இருந்தால் உடனே சோப்பும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவுங்கள். எண்ணெய் துணியிலும் ஷூ நாடாவிலும் நாய் ரோமத்திலும் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் இருக்கும். அந்தத் துணியை மற்ற துணிகளோடு பெட்டியில் திணிக்காமல் தனிப் பையில் கட்டி, வீட்டில் தனியாகத் துவையுங்கள்.

காலிஸ்டோகாவின் சூடான சேற்றுக் குளியலுக்குப் போகிறவர்கள் பழைய நீச்சலுடையோடு போங்கள், நகைகளைக் கழற்றிவிடுங்கள். கர்ப்பிணிகளும் இதய நோய் உள்ளவர்களும் அந்தச் சூட்டில் இறங்க வேண்டாம். ஒயின் குடித்த அன்று யாருமே இறங்க வேண்டாம். செப்டம்பர், அக்டோபரில் போவதானால் கிளம்பும் நாள் காலையில் காற்றின் தரத்தைப் பாருங்கள். 2017, 2020 காட்டுத்தீக்களின்போது இந்தப் பகுதியே புகையில் மூழ்கியது. பெட்டியில் இரண்டு என்-95 முகக்கவசம் இருந்தால் இடம் ஒன்றும் அடைக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் தோல் வெந்துவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் குளியுங்கள், ஈரத்தோடு வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் பூசுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள். பனிக்கட்டியை நேராக வைக்க வேண்டாம், கொப்புளத்தை உடைக்க வேண்டாம், அன்று மாலை ஒயினும் வேண்டாம். காய்ச்சல், குளிர் நடுக்கம், வாந்தி, தலைசுற்றல் ஏதாவது வந்தாலோ, முகத்திலோ உடம்பின் பெரும் பகுதியிலோ கொப்புளம் எழும்பினாலோ திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் அன்றே பக்கத்தில் உள்ள அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.