விண்டோ பீரியட்: திறந்த ஜன்னலா, மூடிய ஜன்னலா?

எச்.ஐ.வி. பரிசோதனை முடிந்து கையில் தாள் வருகிறது. அதில் ‘நான்-ரியாக்டிவ்’ என்று இருக்கிறது. அப்பாடா என்று மூச்சுவிடும் நேரத்தில் ஆலோசகர் சொல்வார்: “நீங்க இன்னும் விண்டோ பீரியட்ல இருக்கீங்க. மூணு மாசம் முடிஞ்சதும் இன்னொரு தடவை வந்துருங்க.” வந்த நிம்மதியில் பாதி அங்கேயே போய்விடும். விண்டோ என்றால் ஜன்னல் என்று எல்லோருக்கும் தெரியும். ரத்தப் பரிசோதனையில் ஜன்னலுக்கு என்ன வேலை?

பொருளை முதலில் பார்த்துவிடலாம். கிருமி உடலுக்குள் நுழைந்த நாளுக்கும், பரிசோதனையில் அது தென்படக்கூடிய நாளுக்கும் நடுவே உள்ள காலம்தான் விண்டோ பீரியட். நம் ஊரில் பெரும்பாலும் செய்யப்படுவது கிருமியையே தேடும் சோதனை அல்ல. கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை. (இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதுவே ‘பிறபொருளெதிரி’. சொல் நீளம், ஆனால் பொருத்தம்.) எதிர்ப்பொருள் ஒரே நாளில் உருவாகிவிடாது. அது போதிய அளவு சேரும்வரை தொற்று உள்ளவருக்கும் ‘நான்-ரியாக்டிவ்’ என்றே வரலாம். அந்தத் தாளில் ‘தொற்று இல்லை’ என்று இருக்காது, கவனித்துப் பாருங்கள். சோதனை எதையும் காணவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். ஆனால் இதே நாட்களில்தான் ரத்தத்தில் கிருமியின் அளவு மிக அதிகமாக இருக்கும், பிறருக்குப் பரவும் வாய்ப்பும் அதிகம். ஆணுறை, ரத்ததானம் பற்றியெல்லாம் ஆலோசகர் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இப்போது சொல்லுக்கு வருவோம். ஆங்கில ‘விண்டோ’ பழைய நார்ஸ் மொழியின் ‘விண்டௌகா’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ‘காற்றுக் கண்’ என்று பொருள். நம்மிடமும் அப்படியே ஒன்று உண்டு: காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் ‘மான்கண் காலதர்’ வருகிறது, மானின் கண் போன்ற சாளரம். பலகணியிலும் கண் இருக்கிறது, பல கண்களை உடையது. நாம் தினமும் சொல்லும் ஜன்னல் மட்டும் ‘ஜனேலா’ என்ற போர்த்துகீசியச் சொல்லின் வழி வந்தது.

ஆக, எந்த மொழியில் எடுத்தாலும் ஜன்னல் என்பது காற்று வரவோ கண் பார்க்கவோ உள்ள திறப்பு. ஆங்கிலத்தில் அது காலத்தையும் குறிக்கத் தொடங்கியபோதும் அந்தத் திறப்பு மாறவில்லை. ராக்கெட் ஏவுவதற்குத் தோதான நேரத்தை ‘லாஞ்ச் விண்டோ’ என்பார்கள். அந்த நேரத்துக்குள் ஏவலாம், விட்டால் காத்திருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்குள் வந்ததும் சொல் தலைகீழாகிவிட்டது. இங்கே விண்டோ என்பது எதுவும் தெரியாத நேரம். ஹெபடைட்டிஸ் பி சோதனையிலும் இதே புழக்கம்தான்: கிருமியின் மேற்பரப்புப் புரதம் மறைந்து, அதற்கு எதிரான எதிர்ப்பொருள் இன்னும் தலைகாட்டாத இடைவெளியை விண்டோ என்பார்கள்.

தமிழில் இதைச் ‘சாளரக் காலம்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. நானும் எழுதியிருக்கிறேன். ஒரு துண்டுப் பிரசுரத்தைத் தமிழாக்கியபோது அந்தச் சொல்லைப் போட்டு, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார். “ஜன்னலைத் தொறந்து வெச்சிருக்கா, மூடி வெச்சிருக்கா தம்பி?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றே அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

சரி, வேறு என்ன சொல்லலாம்? ‘இடைவெளிக் காலம்’ பரவாயில்லை, ஆனால் எதற்கும் எதற்கும் இடையே என்று சொல்லவில்லை. ‘மறைநிலைக் காலம்’ ஆபத்தானது. கிருமி பல ஆண்டுகள் அறிகுறி காட்டாமல் உடலில் இருக்கும் கட்டத்தோடு அது குழம்பிவிடும். அந்தக் கட்டத்தில் பரிசோதனை நன்றாகவே காட்டிக்கொடுக்கும். ‘நோயரும்பு காலம்’ முற்றிலும் வேறு. அது தொற்றுக்கும் நோய்க் குறிகளுக்கும் இடைப்பட்டது. இதைப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் தினமும் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு, காய்ச்சல் வரவில்லை, அதனால் தொற்று இல்லை என்று முடிவுகட்டுகிறார்கள். சாதாரணச் சளிக்காய்ச்சல் வந்ததற்கே தூக்கத்தைத் தொலைப்பவர்களும் உண்டு. காய்ச்சல் எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது.

என் தேர்வு ‘பிடிபடாக் காலம்’. ‘டெஸ்ட்ல பிடிபடல’ என்று வீட்டில் பேசும்போது சொல்கிறோமே, அதிலிருந்து எடுத்தது. கிருமி சோதனையில் பிடிபடாத காலம். காத்திருப்பவருக்கு எதுவும் பிடிபடாத காலம் என்றும் படிக்கலாம், அதுவும் பொய்யில்லை.

இந்தக் காலம் எவ்வளவு என்பது சோதனையைப் பொறுத்தது. எதிர்ப்பொருளை மட்டும் தேடும் சோதனை தொற்று ஏற்பட்ட 23 முதல் 90 நாட்களுக்குள் காட்டும். எதிர்ப்பொருளோடு பி24 என்ற கிருமிப் புரதத்தையும் சேர்த்துத் தேடும் ஆய்வகச் சோதனைக்கு, நரம்பிலிருந்து ரத்தம் எடுத்தால், 18 முதல் 45 நாட்கள். கிருமியின் மரபணுப் பொருளையே தேடும் நாட் சோதனைக்கு 10 முதல் 33 நாட்கள். ஆறு மாதம் காத்திருக்கச் சொன்ன பழைய கணக்கை இன்னும் சிலர் ஒப்பிப்பதுண்டு. எச்.ஐ.வி. ஆலோசனையும் சோதனையும் தரும் தமிழ்நாட்டின் அரசு நம்பிக்கை மையங்களில் மூன்று மாதக் கணக்குதான். சோதனை இலவசம். 1097 என்ற உதவி எண்ணும் கட்டணமில்லாதது.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. கிருமி தொற்றியிருக்கக்கூடிய சம்பவம் நடந்து 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால், காத்திருக்கவே கூடாது. 28 நாள் தடுப்பு மருந்தை உடனே தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அந்த மருந்து எதிர்ப்பொருள் உருவாவதைத் தள்ளிப்போடலாம் என்பதால், கடைசிச் சோதனை எந்த நாளில் என்று மருந்து தந்த மருத்துவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஆலோசகர் ஒருவர் விண்டோ என்ற சொல்லையே எடுப்பதில்லை. மேசைக் காலண்டரைத் திருப்பி வைத்து, “எந்தத் தேதி?” என்று மட்டும் கேட்பார். அந்தத் தேதியில் ஒரு வட்டம், மூன்று மாதம் தள்ளி இன்னொரு வட்டம். “நடுவுல தினமும் டெஸ்ட் எடுத்துப் பணத்தைக் கரைக்காதீங்க. ரெண்டாவது வட்டத்தன்னைக்கு வாங்க.” அதைப் பார்த்த பிறகு என் துண்டுப் பிரசுரத்தில் ஒரு மாற்றம் செய்தேன். ‘பிடிபடாக் காலம்’ என்ற தலைப்பும் இரண்டு வரி விளக்கமும் அப்படியே இருந்தன. அவற்றின் கீழே, தேதியைப் பேனாவால் எழுதிக்கொள்ள, ஒரு கோடு மட்டும் போடச் சொன்னேன்.