மசில் கார்: தசையா, மல்லா?

மசில் கார் என்பது 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவந்த ஒரு குறிப்பிட்ட வகைக் காரின் பெயர். நடுத்தர அளவும் இரண்டு கதவுகளும் பின்சக்கர இயக்கமும் கொண்ட ஒரு சாதாரணக் காரின் உடலுக்குள், பெரிய கார்களுக்கென வார்க்கப்பட்ட வி-8 எனும் எட்டு உருளை எஞ்சினைப் பொருத்தி, சம்பளத்துக்குப் போகத் தொடங்கிய இளைஞருக்கும் எட்டக்கூடிய விலையில் விற்றார்கள். அதுவே மசில் கார். இதைத் தமிழில் எப்படி அழைப்பது என்பதே இங்கே கேள்வி. தாழ்வாக வடிக்கப்படும் ஐரோப்பிய ‘ஸ்போர்ட்ஸ் கார்’ வேறு, இது வேறு. வளைவில் லாவகமாகத் திரும்புவதைவிட, விளக்கு பச்சைக்கு மாறிய கணத்தில் நேர்க்கோட்டில் பாய்வதையே இந்தக் கார் பெருமையாகக் கொண்டது.

மசில் என்ற சொல்லின் வேர் இலத்தீனத்தில் உள்ள ‘மூஸ்குலுஸ்’. அதன் நேர்ப்பொருள் சுண்டெலி. கையை மடக்கும்போது தோலுக்கடியில் திரண்டு ஓடும் மேட்டைக் கண்ட உரோமானியருக்கு எலி நினைவு வந்திருக்கிறது; கிரேக்கத்திலும் ‘மூஸ்’ என்ற ஒரே சொல் எலிக்கும் தசைக்கும் பெயராக நின்றது. உடலுறுப்பைக் குறித்த சொல் ஆங்கிலத்தில் காலப்போக்கில் வலிமையையும் குறிக்கலாயிற்று. அந்த இரண்டாம் பொருளே காருக்கு வந்து சேர்ந்தது. ஆனால் இந்தக் கார்கள் புதிதாக விற்ற நாள்களில் அன்றைய இதழ்கள் அவற்றைப் பெரும்பாலும் ‘சூப்பர் கார்’ என்றே எழுதின. மசில் கார் என்ற பெயர் பின்னரே பரவலாக நிலைபெற்றது. சூப்பர் கார் என்ற பழைய பெயரோ விலையுயர்ந்த ஐரோப்பிய வேகக் கார்களிடம் போய்விட்டது.

பெயருக்குரிய கார் வகை எப்போது பிறந்தது என்பதில் ஆர்வலர்கள் ஒத்துப்போவதில்லை. 1949-இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ராக்கெட் 88-ஐ முன்னோடி என்பவர்கள் உண்டு. 300 குதிரைத்திறனுடன் 1955-இல் வந்த கிரைஸ்லர் சி-300-ஐச் சொல்பவர்களும் உண்டு. வகையாக நிலைபெறச் செய்தது 1964-இன் பான்டியாக் ஜி.டி.ஓ. என்பதே என் கணிப்பு. அந்த அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தனக்குத்தானே ஒரு விதி வைத்திருந்தது. ஜான் டிலோரியன் தலைமையிலான, அந்நிறுவனத்தின் பான்டியாக் பிரிவுப் பொறியாளர்கள், புதுக் கார் என்று அனுமதி கேட்காமல், டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்குக் கூடுதல் பணம் கட்டிப் பெறும் ஒரு விருப்பத் தொகுப்பாக 389 கன அங்குல எஞ்சினை நுழைத்துவிட்டார்கள். கன அங்குலத்தை லிட்டராக்கினால் 6.4, நம் தெருக்களில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றின் எஞ்சின் 1.2 லிட்டர்தான் என்பதை நினைத்தால் அளவு விளங்கும். முதல் ஆண்டிலேயே 32,450 ஜி.டி.ஓ.க்கள் விற்றன. அதன்பின் போட்டி நிறுவனங்கள் சும்மா இருக்குமா? 1970-இல் செவர்லே ஷெவெல், எல்.எஸ்.6 என்ற 454 கன அங்குல எஞ்சினுடன் 450 குதிரைத்திறன் என்ற கணக்கைக் காட்டியது. காப்பீட்டுக் கட்டண உயர்வு, 1970-இன் தூய காற்றுச் சட்டம், 1973-இன் எண்ணெய்த் தடை ஆகியவை அடுத்தடுத்து வந்து அந்த ஓட்டத்தை முடித்துவைத்தன.

தமிழ்ச் சொல்லைத் தேடுமுன், இந்தக் கார்கள் இன்று வாழும் இடமான கண்காட்சிக் கூடத்துக்குள் ஒருமுறை போய்வர வேண்டும். சொல்லின் உண்மைப் பொருள் அங்கேதான் சோதிக்கப்படுகிறது. சிகாகோ ஓ'ஹேர் விமான நிலையத்துக்கு அருகே ரோஸ்மான்ட் என்ற ஊரில் நவம்பர் தோறும் ‘மசில் கார் அன்ட் கார்வெட் நேஷனல்ஸ்’ என்ற கண்காட்சி உள்ளரங்கில் நடக்கிறது. நூற்றுக்கணக்கான கார்கள் பானட்டைத் திறந்தபடி வரிசையாக நிற்கும். திறந்து வைப்பது வெறும் வழக்கமன்று. கிரைஸ்லர் குழுமத்தின் பிளிமத் பாரகுடாக்களில் ஒரே ஆண்டின் இரண்டை அடுத்தடுத்து நிறுத்தினால், ஒன்றில் எளிய எஞ்சினும் மற்றொன்றில் 426 ஹெமியும் இருக்கலாம். வண்ணத்தையும் பட்டைகளையும் மாற்றிவிட்டால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. ஹெமி என்பது அரைக்கோள வடிவ எரியறையைக் குறிக்கும் சுருக்கப் பெயர். 1971-இல் ஹெமி பொருத்திய திறந்தகூரைக் ‘குடா’ (பாரகுடாவின் வேக வடிவம்) பதினொன்றே செய்யப்பட்டது. அவற்றுள் ஒன்று 2014-இல் ஏலத்தில் 35 இலட்சம் டாலருக்குப் போயிற்று. எளிய எஞ்சினுடன் பிறந்த அதே உடலுக்கு அந்த விலையை யாரும் கனவிலும் கேட்க மாட்டார்கள்.

ஆகவே நடுவர்கள் காரின் அழகைவிட அதன் பிறப்பையே முதலில் ஆராய்கிறார்கள். அந்த ஆண்டுக் கிரைஸ்லர் குழுமக் கார்களின் அடையாள எண்ணில் ஐந்தாவது எழுத்து எஞ்சினைக் குறிக்கும். அங்கே ‘ஆர்’ இருந்தால் ஹெமி. முன்பக்க மட்கார்டின் உட்புறத்தில் அறைந்த சிறு தகடும், தொழிலாளர்கள் பார்த்துப் பொருத்துவதற்காக அச்சிட்டுப் பின்னிருக்கையின் சுருள்கம்பிகளுக்குள் விட்டுப்போன தாளும் மேற்சான்றுகள். எஞ்சின் வார்ப்பின் தேதி, கார் முடிந்த தேதிக்குப் பின்னதாக இருக்கலாகாது. எஞ்சினிலும் கியர்பெட்டியிலும் பொறித்த எண்கள் அடிச்சட்டத்தின் எண்ணோடு ஒத்தால் அதை ‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்கிறார்கள். இதை எண்பொருத்தம் என்று சொல்லலாம். பத்துப் பொருத்தம் பார்த்துப் பழகிய நமக்கு இந்தச் சொல்லுக்கு உரை தேவைப்படாது. ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் கிடந்து, தூசியும் எலிக்கூடுமாகவே காட்சிக்கு வரும் கார்களை ‘பார்ன் ஃபைண்ட்’ என்பர். கொட்டகைப் புதையல் என்பது பொருத்தமாக இருக்கும். (சுண்டெலியில் தொடங்கிய சொல் எலிக்கூட்டுக்கே வந்து சேர்ந்தது தற்செயல்தான்.) மாற்று எஞ்சினோடு அரிய காரின் வேடமிட்டவை ‘க்ளோன்’. அதை மறைக்காமல் சொல்லி நிறுத்தினால் குற்றமில்லை. மறைத்து விற்றால் மோசடி.

இப்போது சொல்லுக்கு வருவோம். மசில் கார் என்பதை நேரே பெயர்த்துத் ‘தசை மகிழுந்து’ என்று எழுதினால் தமிழ்க் காதுக்கு இறைச்சிக்கடை வண்டி போலக் கேட்கும். தமிழில் தசை என்றால் முதற்பொருள் ஊன். தசைப்பிடிப்பு, தசைச்சிதைவு என்ற கூட்டுகளிலும் உடற்கூறே தெரிகிறதன்றி வீரம் தெரியவில்லை. உடற்பயிற்சிக் கூடத்துப் பையன்கள்கூடத் தசையைக் காட்டு என்று சொல்வதில்லை, ‘ஆர்ம்ஸ்’ காட்டு என்கிறார்கள். ‘வல்லுந்து’ என்று கூறலாமெனில், அது சூப்பர் காருக்கே கூடுதலாகப் பொருந்தும் பொதுப்பெயர். ‘முறுக்குந்து’ என்பதில் எஞ்சினின் முறுக்குவிசையைச் சுட்டும் பொறியியல் நேர்மை உண்டு. பலகாரக் கடை நினைவு வருவதை மட்டும் தவிர்க்க முடியவில்லை.

நான் பரிந்துரைப்பது ‘மல்லுந்து’. மல் என்பது வலிமைக்கும் மற்போருக்கும் பொதுவான பழஞ்சொல். ஆமூரில் மல்லனோடு பொருது வென்ற கிள்ளியைப் பாடும் புறநானூற்று 80-ஆம் பாட்டில் ‘மைந்துடை மல்லன் மதவலி முருக்கி’ என்று ஒரே அடியில் மைந்து, மல், வலி என வலிமைச் சொற்கள் மூன்று அடுக்கி நிற்கின்றன. பல்லவன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்பது பட்டப்பெயர். இன்றும் பேச்சில் மல்லுக்கு நிற்கிறோம், மல்லுக்கட்டுகிறோம். ஆகவே அகராதியைத் திறக்காத வாசகருக்கும் சொல்லின் உணர்வு எட்டும். மல்லில் ஒருவரோடொருவர் எதிர்நின்று பொருதும் பொருளும் அடங்கியிருக்கிறது. இரண்டு கார்கள் சாலை விளக்கின்கீழ் அருகருகே நின்று உறுமிய காலத்தில் பிறந்த ஒரு வகைக்கு இது தசையைவிட நெருக்கமான சொல். இன்னொரு காரணமும் உண்டு: தசை கண்ணுக்குத் தெரிவது, மல் களத்தில் தெரிவது, வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் இரண்டு பாரகுடாக்களுள் எது உண்மையில் வலியது என்று நடுவர் குனிந்து தேடுவதும் அந்த மல்லைத்தான். தனிக்குறிலின் பின் நின்ற ஒற்று உயிர் வரும்போது இரட்டிக்கும் என்ற விதிப்படி மல்+உந்து மல்லுந்து ஆகும். பேருந்து, மகிழுந்து என்ற வரிசையிலும் இயல்பாக அமரும்.

ஃபோர்டு மஸ்டாங் போன்ற சற்றே சிறிய உடல் கொண்டவற்றை அமெரிக்கர்கள் ‘போனி கார்’ என்று பிரித்துச் சொல்வர். பெரிய எஞ்சின் பொருத்திய மஸ்டாங்கை மட்டும் மல்லுந்து எனலாம். எல்லா மஸ்டாங்குகளையும் அப்படி அழைப்பது பிழை.

எழுதும்போது முதல் இடத்தில் ‘மசில் கார் எனப்படும் மல்லுந்து’ என்று அறிமுகப்படுத்திவிட்டு, பிறகு மல்லுந்து என்றே தொடரலாம். காட்டு: ‘கொட்டகைப் புதையலாக வந்த அந்த மல்லுந்துக்கு எண்பொருத்தம் உள்ளதா என்று நடுவர்கள் பார்த்தனர்.’ மாதிரிப் பெயர்களைப் பெயர்க்க வேண்டியதில்லை. பாரகுடா பாரகுடாவாகவே இருக்கட்டும். அதைச் சீலா மீன் என்று தமிழாக்கினால் 35 இலட்சம் டாலருக்கு மீன் வாங்கியவர் யார் என்று வாசகர் கேட்பார்.