ஃப்ரண்ட் வீல் டிரைவ், ரியர் வீல் டிரைவ்: தமிழ்ல என்னன்னு சொல்றது?

டிரைவ்னு பாத்ததும் சிலபேர் "முன்சக்கர ஓட்டுதல்"னு எழுதிடுறாங்க, படிச்சா யாரோ பானட் மேல உக்காந்து வண்டி ஓட்டுற மாதிரி இருக்கு. பழைய இங்கிலீஷ்ல டிரைவ்னா ஆடுமாடு விரட்டிட்டுப் போறது, நம்ம "ஓட்டு"ங்கிற சொல்லும் அப்படித்தான், மாடும் ஓட்டுறோம் காரும் ஓட்டுறோம். ஆனா இங்க அர்த்தம் அது இல்ல. இன்ஜினோட சக்தி எந்தச் சக்கரத்துக்குப் போய்ச் சேருது, அவ்ளோதான். ஸ்டீயரிங் ரெண்டு வகையிலயும் முன்சக்கரத்துக்குத்தான், அத இதுல இழுக்க வேணாம்.

அம்பாசடர், பத்மினி, கான்டெஸா எல்லாம் பின்சக்கர வண்டிங்க. இன்ஜின் முன்னாடி நீளவாக்குல இருக்கும், கியர்பாக்ஸ்லேருந்து ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வண்டிக்கு அடியில ஓடி பின்னாடி டிஃபரென்ஷியலுக்கு (சக்தியை ரெண்டு பக்கச் சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்கிற பல்சக்கரக் கூட்டு) போகும், அந்த ஷாஃப்டுக்கு வழி விடத்தான் தரையில நடுவுல மேடு, பின்சீட்டுல நடுவுல உக்காந்தவங்களுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம். 1983ல மாருதி 800, 1990ல செடானா மாருதி 1000 வந்தப்ப நீள ஷாஃப்டே கெடையாது. இன்ஜின் குறுக்குவாட்டுல, கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும் ஒரே கூட்டுக்குள்ள, அங்கேருந்து முன்சக்கரத்துக்கு ரெண்டு குட்டி ஷாஃப்ட். எடை கம்மி, செலவு கம்மி, உள்ள எடம் ஜாஸ்தி, ஃபேமிலி காருக்கு வேற என்ன வேணும். ஹோண்டா சிட்டி, வெர்னா, டிசையர் எல்லாமே இதான். சும்மா கெடைக்கல அதுவும், ஆள் சாமான் ஃபுல்லா ஏத்தி ஈரமான மலைரோட்டுல ஏறும்போது முன்பக்கம் எடை கொறஞ்சு சக்கரம் வழுக்கும், வேகமா வளைஞ்சா வண்டி வெளிப்பக்கமா தள்ளும். பின்சக்கர வண்டிக்கு ஏத்தத்துல பிடி நல்லா இருக்கும், ஆனா ஈரத்துல ஆக்சிலேட்டர அமுக்கினா வால் வீசும். சென்னைகிட்ட அசெம்பிள் ஆகுற பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் பெரும்பாலும் இன்னும் இந்தக் குடும்பம்தான், ஓட்டுற சுகத்துக்காக.

பேரு வைக்கிறதுல பிரெஞ்சுக்காரங்க கில்லாடி. முன்சக்கரம்னா "டிராக்சியோன்", அதாவது இழுக்கிறது, பின்சக்கரம்னா "ப்ரொபுல்சியோன்", தள்ளுறது. 1934ல சித்ரோன் விட்ட காருக்கு டிராக்சியோன் அவான்ங்கிற பேரே நெலச்சுடுச்சு. மாட்டுவண்டி பாத்தவங்களுக்கு இது சட்டுனு புரியும், மாடு முன்னாடி நின்னு இழுக்குது.

தமிழ்ல "முன்சக்கர இயக்கம்"னு பரவலா எழுதுறாங்க, தப்பில்ல, ஆனா இயக்கம்னா கட்சிக்காரங்க இயக்கமும் அதான், இயங்குறதும் அதான், அதனால மொட்டையா இருக்கு. பேருந்து, மகிழுந்துல ஏற்கனவே "உந்து" இருக்கே, அதனால என் ஓட்டு முன்சக்கர உந்தல், பின்சக்கர உந்தல். "உந்தம்"னு மட்டும் எழுதிடாதீங்க, பிசிக்ஸ் புத்தகத்துல நிறையும் திசைவேகமும் பெருக்கினா வர்றது அது. பிரெஞ்சு மாதிரி முன்னிழுவைனு வைக்கலாம்னு ஆசைதான், ரெக்கவரி வேன்னு நெனச்சுப்பாங்க. இலங்கைல சக்கரத்துக்கு சில்லுனு சொல்றாங்க, அங்க முன்சில்லு உந்தல்னு போட்டா அழகா உக்காரும்.

ஒர்க்‌ஷாப்ல போய் உந்தல்னு ஆரம்பிக்காதீங்க. ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சுத் திருப்பும்போது முன்னாடி டக்டக்னு சத்தம் வந்தா "சிவி ஜாயிண்ட் பாருங்க, பூட் கிழிஞ்சிருக்கானு பாருங்க"னு சொன்னா போதும் (சிவி ஜாயிண்ட்னா முன்சக்கரத்துக்குப் போற அந்தக் குட்டி ஷாஃப்டோட மூட்டு, பூட்னா அதுமேல இருக்கிற ரப்பர் உறை), வண்டி எந்த வகைனு அவங்களுக்கே தெரியும்.