குவாண்டம் சிப் செய்யும் ஆய்வகத்தில் ரோபோ: குமரி மாவட்டப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளுக்குப் பேசப் போனால் இப்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "சார், குவாண்டம் படிக்கணும்னா எந்தக் கோடிங் கோர்ஸில் சேரலாம்?" பெற்றோர் கேட்பது வேறு: "அங்கேயும் ரோபோ வந்துட்டா எங்க பிள்ளைக்கு என்ன வேலை இருக்கும்?" இரண்டுக்கும் பதில், சிப் செய்யும் தூசியில்லா அறையான க்ளீன்ரூமில்தான் இருக்கிறது. குவாண்டம் கணினி பற்றிய பேச்சில் கோடிங் வருகிறது, இயற்பியல் வருகிறது. அந்தச் சிப்பை யார், எப்படிச் செய்கிறார்கள் என்பது வருவதே இல்லை. எனக்குச் சொந்த ஊர் குலசேகரம். பல வருடமாக ஒரு பல்கலைக்கழக நானோ ஆய்வகத்தில் ப்ராசஸ் இன்ஜினியராக இருக்கிறேன். அங்கே நடப்பதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

2025-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு ஜான் கிளார்க், மிஷெல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் மூவருக்கும் கிடைத்தது. கையில் எடுத்துப் பார்க்கிற அளவுள்ள ஒரு மின்சுற்றும் குவாண்டம் விதிப்படி நடக்கும் என்று 1980-களின் நடுவில் அவர்கள் காட்டியதற்காக. அந்தச் சுற்றின் உயிர் ஜோசப்சன் ஜங்ஷன். இன்றைய சூப்பர்கண்டக்டர் க்யூபிட்டுகளில் (கடுங்குளிரில் மின்தடையை இழக்கும் உலோகத்தால் ஆன, குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகள்) அது பெரும்பாலும் இரண்டு அலுமினியப் படலங்களும் நடுவே ஓர் அலுமினிய ஆக்ஸைடுப் படலமும்தான். அந்த ஆக்ஸைடின் தடிமன் ஒன்றிரண்டு நானோமீட்டர். ஓர் அணு அடுக்கு கூடினாலோ குறைந்தாலோ ஜங்ஷன் வழியாகப் போகும் மின்னோட்டம் பல மடங்கு மாறிவிடும். அதோடு க்யூபிட்டின் அதிர்வெண்ணும் மாறும்.

இதைச் செய்யும் வழி கேட்பதற்கு எளிது. சிலிக்கான் துண்டில் ரெசிஸ்ட்டை (எலக்ட்ரான் கற்றை பட்டால் மாறும் திரவப் பூச்சு) ஊற்றி, ஸ்பின் கோட்டர் என்ற சுழல் கருவியில் சுழற்றி மெல்லிய படலமாக்க வேண்டும். ஹாட் பிளேட்டில் வைத்துச் சூடாக்க வேண்டும். எலக்ட்ரான் கற்றையால் வடிவத்தை எழுதி, எழுதிய இடத்தைக் கரைக்கும் டெவலப்பர் திரவத்தில் முக்கி, அலசி, நைட்ரஜன் ஊதிக் காயவைத்து, வெற்றிட அறைக்குள் அலுமினியத்தைப் படியவிட வேண்டும். எலக்ட்ரான் கற்றைக் கருவியும் வெற்றிட அறையும் கணினி சொன்னபடி நடக்கும். இடையில் உள்ள வேலை பெரும்பாலும் மனிதர் கையில். டெவலப்பரில் ஒருவர் சிப்பை ஆட்டுவார், இன்னொருவர் ஆட்டாமல் பிடித்திருப்பார். எடுத்து அலசுவதற்குள் சில விநாடி கூடும். ட்வீசர் ஓரத்தில் கீறும். போதாததற்கு, மனித உடம்பே துகள்களை உதிர்த்துக்கொண்டிருக்கிறது. கிளாஸ் 100 அறை என்றால் ஒரு கன அடி காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் நூறுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த அறைக்குள்ளேயே பெரிய அழுக்கு நாம்தான். தலை முதல் கால் வரை உடுப்பு மாட்டிக்கொண்டு போவது அதனால்தான்.

தவறு நடந்தது உடனே தெரிவதும் இல்லை. அறை வெப்பநிலையில் மின்தடையை அளந்து ஓரளவு ஊகிக்கலாம். முழு விவரம் தெரிய வேண்டுமானால் சிப்பை டைல்யூஷன் ஃப்ரிட்ஜ் என்ற கடுங்குளிர்க் கருவியில் வைத்து, முழுச் சுழியத்துக்கு மேல் ஒரு டிகிரியின் நூறில் ஒரு பங்கு வரை குளிர்விக்க வேண்டும். குளிர இறங்கவே நாள் பிடிக்கும். அளவு சரியில்லை என்று தெரியும்போது, அன்றைக்கு டெவலப்பரில் எத்தனை விநாடி இருந்தது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

எங்கள் ஊர்ப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பட்டையை எவ்வளவு ஆழம் வெட்டினால் பால் வரும், எங்கே தாண்டினால் மரம் காயப்படும் என்ற கணக்கு அவர் கையில்தான் இருக்கும். அவர் வேறு தோட்டத்துக்குப் போனால் அந்தக் கணக்கும் கூடவே போகும். பல்கலைக்கழக ஆய்வகத்தில் இது நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. பி.எச்.டி. மாணவி பட்டம் வாங்கிக் கிளம்புகிறார். அவர் கையிலிருந்த பதமும் கிளம்பிவிடுகிறது. அடுத்து வருகிற மாணவர் அதே ரெசிப்பியை, அதாவது செய்முறைக் குறிப்பைப் படித்து, அதே கருவியில் செய்து, பல மாதம் வீணாக்கிய பிறகுதான் பழைய தரத்துக்கு வருவார். பொது மக்கள் வரிப்பணத்தில் நடக்கிற ஆய்வில் இதைவிடப் பெரிய இழப்பு இல்லை என்பது என் எண்ணம். ரோபோ வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமும் இதுதான். வேகம் அப்புறம்.

பெரிய சிப் தொழிற்சாலைகளில் இந்தப் பிரச்சினை எப்போதோ தீர்ந்துவிட்டது. 300 மில்லிமீட்டர் வேஃபர்கள் (சிப் செய்யும் வட்டச் சிலிக்கான் தகடுகள்) மூடிய பெட்டியில் கூரைத் தண்டவாளத்தில் போய் வருகின்றன. மனிதக் கை படுவதே இல்லை. 2024-இல் பெல்ஜியத்தின் ஐமெக் ஆய்வு மையம் அப்படிப்பட்ட தொழிற்சாலைக் கருவிகளிலேயே நல்ல க்யூபிட்டுகளைச் செய்து காட்டியது. ஆனால் பல்கலைக்கழகத்தில் ஒரு சிப் விரல் நகத்தைவிடச் சிறிய துண்டாக இருக்கும். வேஃபருக்கென்று செய்த ரோபோக் கை அதைப் பிடிக்காது. இன்று சூப்பர்கண்டக்டர், நாளை வைரம், மறுநாள் கிராஃபீன் (ஓர் அணு தடிமனுள்ள கார்பன் படலம்) என்று ஆளாளுக்கு வேறு வேலை. கருவி ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறுவனத்துடையது. ஒன்றின் மென்பொருள் இன்னொன்றோடு பேசாது. அதனால் தொழிற்சாலை முறையை அப்படியே கொண்டுவந்து வைக்க முடியாது. சிறிய, மலிவான, வேலைக்கேற்ப மாற்றிக்கொள்ளக்கூடிய ரோபோதான் இங்கே பொருந்தும்.

முடியும் என்பதற்கு நல்ல உதாரணம் டோக்கியோ பல்கலைக்கழகம். 2018-இல் அங்கே ஒரு குழு கிராஃபீன் செதில்களைத் தானே தேடி அடுக்கும் கருவியைச் செய்து வெளியிட்டது. மணிக்கு 400 ஒற்றை அடுக்குச் செதில்களை நுண்ணோக்கியில் அது கண்டுபிடித்தது. கிராஃபீனையும் போரான் நைட்ரைடையும் மாற்றி மாற்றி 29 அடுக்கு வரை கட்டியது. அதுவரை மாணவர்கள் இருட்டறையில் நுண்ணோக்கியைப் பார்த்துப் பார்த்துக் கண் நோகச் செய்துகொண்டிருந்த வேலை.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதைச் சுருக்க எனக்கு மனமில்லை. எங்கள் அறைகளில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கிறது. நீர்த்த அமிலம் தோலில் பட்டால் உடனே எரியாமல் இருக்கலாம். சில மணி நேரம் கழித்துத்தான் வலி தெரியும். அதற்குள் அது உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கூடுதலாகப் பட்டால் இதயமே நின்றுபோகலாம். இதற்கு முதலுதவியான கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் இடத்தில் இல்லாத ஆய்வகத்தில் இந்த அமிலத்தைத் திறக்கவே கூடாது. சில டெவலப்பர்களில் உள்ள டெட்ராமெத்தில் அம்மோனியம் ஹைட்ராக்ஸைடு அடர்த்தியாக இருந்தால் தோல் வழியாகவே நஞ்சாகும். கருவி கிடைப்பதே இரவில்தான் என்று ஒரு மாணவர் தூக்கக் கலக்கத்தோடு இவற்றைத் தனியாகக் கையாளும் நிலை எங்குமே இருக்கக் கூடாது. முதல் ரோபோவை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் ரசாயன மேடையைத்தான் காட்டுவேன்.

அதே நேரம், ரோபோவை வாங்கிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். தவறான ரெசிப்பியைக் கொடுத்தால் தவறையே பிசகாமல் திரும்பத் திரும்பச் செய்யும். விநாடி, வெப்பநிலை, ஈரப்பதம், ரெசிஸ்ட் புட்டி திறந்த தேதி, கெட்டுப்போன சாம்பிள் எது, எப்படிக் கெட்டது என்று முதலில் பதிவு வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாத ஆய்வகத்தில் ரோபோக் கை தூசி படிந்து நிற்கும்.

சரி, நம் மாவட்டத்துக்கு வருவோம். மத்திய அரசு 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாய்க்குத் தேசிய குவாண்டம் திட்டத்தை அறிவித்தது. 2030-31 வரை நடக்கும். பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி., சென்னை, மும்பை, தில்லி ஐ.ஐ.டி.கள் என நான்கு மையங்கள். அங்கே இயற்பியல் முனைவர்கள் மட்டும் போதாது. வெற்றிடப் பம்பைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர், ஸ்டெப்பர் மோட்டாரையும் சென்சாரையும் இணைக்கத் தெரிந்தவர், பழைய கருவியின் சீரியல் போர்ட்டோடு பைத்தானில் பேசத் தெரிந்தவர், நுண்ணோக்கிப் படத்தைக் கணினிக்குப் பிரித்தறியச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர், எல்லோரும் தேவை. கோணம் பாலிடெக்னிக்கிலும் நம் பொறியியல் கல்லூரிகளிலும் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கு எட்டாத வேலை எதுவும் இதில் இல்லை. ரோபோ வந்தால் வேலை போய்விடுமே என்று கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான்: அந்த ரோபோவை ஆய்வகத்துக்குப் பொருத்தி ஓட்ட ஆள் கிடைக்காமல்தான் நாங்கள் தவிக்கிறோம்.

இந்த வேலையைப் பழகத் தொடங்க க்ளீன்ரூம் வேண்டுமென்பதில்லை. கிராஃபைட்டை டேப்பால் உரித்துச் சிலிக்கானில் ஒட்டினாலே கிராஃபீன் செதில் கிடைக்கும். பென்சில் கிராஃபைட் போதாது, நல்ல கிராஃபைட் துண்டு வேண்டும். கூடவே ஒட்டும் டேப், 300 நானோமீட்டர் ஆக்ஸைடு உள்ள சிலிக்கான் துண்டு. அந்தத் தடிமனில் ஒற்றை அடுக்குக் கிராஃபீன்கூட நிற வேறுபாட்டால் சாதாரண நுண்ணோக்கியில் தெரியும். நுண்ணோக்கி மேடைக்கு இரண்டு ஸ்டெப்பர் மோட்டார் மாட்டி, கேமராப் படத்திலிருந்து செதிலைத் தானே தேடும்படி செய்தால் அது நல்ல இறுதியாண்டு ப்ராஜெக்ட். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. ஸ்பின் கோட்டர் இருக்கும் கல்லூரி, ஈரப்பதத்தை வருடம் முழுக்கப் பதிந்து படலத்தின் தடிமனோடு ஒப்பிட்டாலே உபயோகமான தரவு கிடைக்கும்.

அடுத்த படிக்கு ஐ.என்.யு.பி. (இந்திய நானோ எலக்ட்ரானிக்ஸ் பயனர் திட்டம்) என்கிற அரசுத் திட்டம் இருக்கிறது. ஐ.ஐ.எஸ்.சி., ஐ.ஐ.டி. நானோ ஆய்வகங்களில் வெளிக் கல்லூரிக்காரர்களுக்கு அறிமுக வகுப்பும் நேரடிப் பயிற்சியும் தருவதற்காகவே வந்தது. பேராசிரியர்களே, உங்கள் துறை அறிவிப்புப் பலகையில் இதை ஒட்டுங்கள். பெற்றோரே, ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் குவாண்டம் கோர்ஸ் விளம்பரத்தைப் பார்த்தால் பணம் கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: என் பிள்ளை எந்தக் கருவியைத் தொட்டு வேலை பார்ப்பான், எந்தத் தரவை அளந்து பதிவான்?